கெட்டி ஆயில் கிரவுனைக் காக்காது

கோலார் தங்கவயலில் ஜீப் வாங்குகிறவருக்கு இரண்டு அறிவுரைகள் கேட்காமலே கிடைக்கும். "லாக்கர் போட்டுடுங்க, எங்க வேணா ஏறும்." "90 வேண்டாம், 140 ஊத்துங்க, அப்பத்தான் கிரவுன் தாங்கும்." இரண்டும் தவறு. பணத்தோடு வண்டியையும் கெடுக்கும் தவறு.

முதலில் ஆயில். 90, 140 என்பவை ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும் எண்கள். 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு மெதுவாக ஓடும் என்பதற்கு மேல் அவற்றில் செய்தி இல்லை. அச்சுக்குள் இருக்கும் கிரவுன் வீலும் பினியனும் ஹைப்பாய்டு வகைப் பற்கள் கொண்டவை. ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் எவ்வளவு கெட்டியான ஆயில் படலமும் கிழியும். அப்போது பல்லைக் காப்பவை ஆயிலில் கலந்துள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள். அவை சூட்டில் உலோகத்தோடு வினைபுரிந்து மேலே ஒரு காப்புப் பூச்சாகப் படிகின்றன. இந்தத் தரத்தைச் சொல்வது டப்பாவின் மீதுள்ள ஜிஎல் எண். ஜிஎல்-4 தரத்து 140-ஐவிட ஜிஎல்-5 தரத்து 90 ஹைப்பாய்டு பல்லை நன்றாகக் காக்கும்.

கெட்டி ஆயில் இலவசமாகவும் உழைக்காது. அதைக் கலக்கவே இன்ஜின் சக்தி வீணாகிறது. அந்த வீண் சூடாக மாறுகிறது. காலையில் பினியன் பேரிங்குக்குப் போய்ச் சேரவும் தாமதமாகிறது. பாரம் சுமக்கும் லாரிக்குத் தயாரிப்பாளரே 140 சொல்லியிருந்தால் ஊற்றலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக ஊற்றக் கூடாது.

"ஜிஎல்-5 பெரிய எண், ஆகவே கியர் பாக்ஸுக்கும் அதையே ஊற்று" என்பது இதே மூடநம்பிக்கையின் தம்பி. ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் பெரும்பாலும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருக்கும். அவை பிடித்து நிற்க உராய்வு வேண்டும். ஜிஎல்-5 அங்கே கூடுதலாக வழுக்கும். அதன் கந்தகம் பித்தளையை அரிக்கவும் கூடும்.

இனி லாக்கர். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும்; ஒன்று வழுக்கினால் மற்றதும் பலமிழக்கும். லாக்கர் இரண்டையும் பூட்டி ஒரே வேகத்தில் சுழற்றுகிறது. குழியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது அது வரம்தான். ஆனால் பக்கவாட்டுச் சரிவில் அதுவே ஆபத்து. பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொன்று மண்ணைப் பிடித்திருக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் சேர்ந்து சுழன்று பிடியை விட்டால் வண்டியின் வால் சரிவில் இறங்கும். கெட்டியான தார்ச் சாலையில் பூட்டியபடி திருப்பினால் டயர் தேயும், ஆக்சில் முறுகும்.

எல்லா லாக்கரும் ஒன்றல்ல. ஃபோர்ஸ் குர்காவில் முன்னும் பின்னும் ஓட்டுநரே பூட்டலாம். மஹிந்திரா தாரில் 2015 முதல் வந்த பின் அச்சு ஈட்டன் லாக்கர் தானாகப் பூட்டும்; ஆனால் ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று கூடுதலாகச் சுழன்ற பிறகே. அந்த ஈட்டன் லாக்கருக்குள் உராய்வுத் தட்டுகள் உண்டு. கண்ட ஆயிலையும் வழுக்கும் மருந்தையும் கலந்தால் பூட்டும் குணமே மாறிவிடும். அதாவது, லாக்கர் வகை தெரியாமல் ஆயில் வாங்க முடியாது.

பேத்தமங்கலம் ஏரிக்கரையில் தண்ணீரில் இறக்குகிறவர்களுக்கு இன்னொன்று. சூடான அச்சு ஹவுசிங் சட்டெனக் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். காற்றுப் போகும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியே தண்ணீர் நுழையும். வடித்துப் பார்த்து ஆயில் வெளுத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அங்கே எந்த கிரேடும் காப்பாற்றாது.

தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளில் ஏறிக் காட்டுவதற்காக லாக்கர் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுரங்கம் 2001-இல் மூடியும் அந்த மேடுகளின் தூசு இன்னும் நம் வீடுகளில்தான் இறங்குகிறது. அதைக் கிளறுவதற்கு எந்த லாக்கரும் நியாயம் ஆகாது.

வண்டியோடு வந்த கையேட்டைத் திறங்கள். அதில் அச்சிட்ட ஜிஎல் எண்ணையும் கிரேடையும் வாங்குங்கள். பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். லாக்கருக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் நல்ல டயர் போடுங்கள். மண்ணைத் தொடுவது அதுதான்.