நத்தைத் தொட்டியும் நாளைய வயலும்

நத்தை என்றால் எமது கமக்காரருக்கு ஆகாத சீவன். 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குள் வந்த ஆபிரிக்க நத்தை, இன்றும் மாரி மழை தொடங்கியதும் வாழையிலும் பப்பாசியிலும் கீரைப் பாத்தியிலும் ஏறுவதை நாம் காண்கின்றோம். இந்நிலையில் நத்தையைத் தொட்டியில் வளர்க்கலாம் என்றால் சிரிப்பு வருவது இயல்பே. ஆயினும் அலங்கார மீன் வளர்ப்பில் இறங்கியுள்ள குடும்பங்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும் என்பது எமது கருத்து.

தொட்டி மீன்களுள் சில நத்தையை விரும்பி உண்பவை. பேத்தை மீனின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் கடித்து நொறுக்கினாற்றான் அது தேயும். அயிரை இனத்து அலங்கார மீன்கள் ஓட்டினுள்ளிருந்து சதையை உறிஞ்சி எடுக்கும். நசுக்கிப் போட்டால் வேறு பல மீன்களும் உண்ணும். இதற்கு ஏற்றது ஆட்டுக்கடாவின் கொம்புபோல் தட்டையாகச் சுருண்ட சிறிய நீர் நத்தை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும். பசைபோன்ற படலத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் ஏறக்குறைய 2 கிழமைகளிற் பொரிக்கும்.

காணியற்ற குடும்பத்துக்கும் இது இயலும். ஒரு சீமெந்துத் தொட்டி, அவித்த கீரை, பூசணித் தோல் போதும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் ஓட்டுக்கு நல்லது. மழைநீரைப் பயன்படுத்துவோர் முட்டைக் கோதைக் கழுவி நொறுக்கிப் போடவேண்டும். செம்பு நத்தைக்கு நஞ்சு. ஆகையால் செம்பு கலந்த பூஞ்சணக் கொல்லி தெளித்த கருவியைத் தொட்டியருகே கழுவலாகாது. தொட்டியை நுளம்பு வலையால் மூடுவதும் அவசியம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் மலேரியா பரப்பக்கூடிய புதிய நுளம்பினம் ஒன்று கண்டறியப்பட்டது. அது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகக்கூடியது.

வயல் வாய்க்காலில் பொறுக்கிய நத்தையை அப்படியே மீனுக்குப் போடுவதும் சரியன்று. கால்நடைகளைத் தாக்கும் தட்டைப் புழுக்கள் நத்தையினுள் வளர்பவை. அப்புழு முட்டை வழியாகக் கடத்தப்படுவதில்லை. எனவே முட்டைப் படலத்தை மட்டும் எடுத்துக் கழுவி, சுத்தமான நீரிற் பொரிக்க விடுவதே வழி.

இவ்வளவும் செய்முறை. இனி நாம் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. நத்தை வளர்ப்பு மீன் வளர்ப்போருக்குத் தீன் செலவைக் குறைக்கும் துணை. அது தனித் தொழிலன்று. நத்தை வாங்குவோர் மிகச் சிலரே. நத்தையோ அவர்களைவிட வேகமாகப் பெருகும். விற்காமல் எஞ்சும் நத்தை எங்கே போகும் என்பதே கேள்வி.

இக்கேள்வியை முன்கூட்டியே கேளாததன் விலையை ஆசிய விவசாயிகள் கொடுத்திருக்கின்றார்கள். 1980ஆம் ஆண்டளவில் தென் அமெரிக்காவின் பொன்னிற ஆப்பிள் நத்தை உணவுக்காகத் தாய்வானுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் பிலிப்பைன்ஸில் ஏழைக் கிராமத்தவருக்கு வருமானமும் புரதமும் தரும் என ஊக்குவிக்கப்பட்டது. சந்தை சரிந்தது. கைவிடப்பட்ட நத்தை வாய்க்கால் வழியே வயலுக்குச் சென்று இளம் நாற்றை அரித்துத் தின்றது. ஏழைக்கு உதவ வந்த திட்டமே ஏழையின் பயிரை அழித்தது. இன்றும் அந்நாடுகளின் விவசாயிகள் அதனைக் கையாற் பொறுக்குகின்றனர். வாத்து விட்டு மேய்க்கின்றனர்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. வேறிடங்களிலும் அவ்வாறு காத்திருப்போர் உளர். காத்திருக்கும் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்குச் சிறு முயற்சி தேவைதான். ஆனால் அம்முயற்சி நாளை நாம் திரும்பிச் செல்லவிருக்கும் வயலையும், இன்று எமக்கு இடம் தந்த ஊரவரின் வயலையும் கெடுக்கலாகாது. தொட்டி காணிக்கு ஈடாகாது என்பதையும் திட்டம் கொண்டு வருவோரிடம் நாம் தயங்காமற் சொல்லவேண்டும்.

ஆகவே, மீன் வளர்ப்போர் மட்டும் ஒரு தொட்டியோடு தொடங்குக. வெளிநாட்டு ஆப்பிள் நத்தையைத் தொடவே வேண்டாம். தீனைக் குறைத்தால் பெருக்கமும் குறையும். எஞ்சிய நத்தையை நசுக்கிக் கோழிக்கு அவித்துப் போடுக, அல்லது குழி தோண்டிப் புதைக்குக. தொட்டி நீரை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றாது, வாழையடியின் காய்ந்த மண்ணில் ஊற்றுக. நீர்ப் பாசியிலும் முட்டை ஒட்டியிருக்கும். அதனை வெயிலில் நன்கு காயவிட்ட பின்னரே எறிக. யாரேனும் நத்தை தந்து வளர்க்கச் சொன்னால், “எஞ்சியதை நீங்கள் எடுப்பீர்களா?” என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையேல் வாங்காதீர்கள்.