அக்கரைப் பணமும் அமானிதமும்



குரங்கணி, கொட்டகுடி மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூருக்கு இறங்கி வந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு லாட் எண் உண்டு. எடை, எடுத்தவர் பெயர், கிலோவிற்கு இன்ன விலை என்று யாவும் பதிவாகின்றன. அங்கிருந்து சவூதி அரேபியாவிற்கும் அமீரகத்திற்கும் கஹ்வாவில் இடுவதற்காகச் செல்லும் காயின் விலை, உரிய ஆவணங்களோடு வங்கி வழியே திரும்பி வருகிறது. சீட்டு இல்லாமல் ஒரு மூட்டையைக்கூட வெளியே அனுப்ப எந்த வியாபாரியும் துணியமாட்டார்.

ஆனால் அதே அரபு நாடுகளில் நம் பிள்ளைகள் வெயிலில் நின்று ஈட்டும் ஊதியம், பல வீடுகளுக்குச் சீட்டின்றியும் சாட்சியின்றியும், முன்பின் அறியாத ஒருவர் கையால் வந்து சேர்கிறது. கடலுக்கு அப்பால் இலங்கையில் உறவுள்ள குடும்பங்களிடையே செல்லும் பணமும் பெரும்பாலும் இவ்வழியிலேயே போய் வருகிறது. காய்க்குக் கொடுக்கும் காவலைப் பிள்ளையின் உழைப்புக்கு நாம் கொடுப்பதில்லை என்பதே நம் கவலை.

இவ்வழிக்கு ‘உண்டியல்’ என்று பெயர். அனுப்புகிறவர் அங்கே ஒரு முகவரிடம் பணத்தைக் கொடுக்கிறார். இங்கே அம்முகவரின் கூட்டாளி அதற்கு ஈடான ரூபாயைக் கொண்டுவந்து தருகிறார். பணம் எல்லையைக் கடப்பதில்லை. இரு முகவர்களின் கணக்குத்தான் பின்னர் எப்படியோ நேர்செய்யப்படுகிறது. வங்கியைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது, வீட்டு வாசலுக்கே வருகிறது என்பதால் மக்கள் இதனை விரும்புகின்றனர். “ஹவாலா என்பது நம் ஃபிக்ஹ் நூல்களில் உள்ள சொல்தானே, இது நம் முன்னோர் வழிதானே” என்று மார்க்கத்தையே இதற்குத் துணைக்கு அழைப்போரும் உளர். இவ்வாதத்தை நாம் பொறுமையோடு ஆராய வேண்டும்.

ஃபிக்ஹில் ஹவாலா என்பது, ஒருவர் தம் கடனைச் செலுத்தும் பொறுப்பை மற்றொருவர் மீது மாற்றுவதாகும். கடன் கொடுத்தவருக்குத் தம் பணம் இனி எவரிடமிருந்து வரவேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும். ஓரூரில் பணத்தைக் கொடுத்து வேறோர் ஊரில் பெறும் முறைக்கு ‘ஸுஃப்தஜா’ என்று பெயர். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடம் திர்ஹம்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கில் இருந்த தம் சகோதரர் முஸ்அப் அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். மக்கள் அங்கே சென்று அத்தொகையைப் பெற்றுக்கொள்வர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதில் குற்றம் காணவில்லை என்று நூல்கள் கூறுகின்றன. எனினும், வழிப்பயண அபாயத்திலிருந்து தப்பும் நன்மை கடன் கொடுத்தவருக்கு நிபந்தனையாகக் கிடைக்கிறதே என்பதால், ஹனஃபி அறிஞர்கள் அதனை வெறுத்தனர். வேறு அறிஞர்கள் அனுமதித்தனர்.

இந்நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வாங்கியவர் ஊரறிந்தவர்; கொடுக்க வேண்டியவரும் ஊரறிந்தவர்; இருவருக்கும் இடையே ஓர் எழுத்து இருந்தது. இன்றைய உண்டியலில் இம்மூன்றில் எது இருக்கிறது? பெயரளவில் ஒற்றுமை இருப்பதால் பொருளிலும் ஒற்றுமை வந்துவிடாது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை அமைத்துக்கொள்ளவும் ஏவும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. சிறிய தொகையாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்பதும் அதன் போதனை. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்கிற்குச் செல்லும் பணம் அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், நாள், தொகை, நோக்கம் ஆகிய ஐந்தையும் தானாகவே பதிந்துவிடுகிறது. இக்காலத்தில் அவ்வசனத்திற்குக் கீழ்ப்படிய இதனினும் எளிய வழி வேறில்லை.

நாணய மாற்றில் இருதரப்பும் அதே அமர்வில் கைக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழிக் கட்டளை இருக்க, வங்கி வழி மாற்று கூடுமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. 1990ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, வாடிக்கையாளரின் கணக்கில் வரவு வைக்கப்படுவதே கைக்கொள்வதாகக் கருதப்படும் என்று முடிவு செய்தது. வழக்கமாக ஏற்படும் சிறு தாமதத்தையும் அது பொறுத்துக்கொண்டது. எனவே மார்க்கத்தின் பெயரால் வங்கி வழியைத் தவிர்க்க நமக்குக் காரணம் இல்லை.

உண்டியலால் வரும் கேடு இப்போது புதிய வடிவம் எடுத்திருக்கிறது. முன்பு முகவர் ரொக்கம் கொண்டுவந்தார். இப்போது பல இடங்களில், அறிமுகமற்ற எவரோ ஒருவரின் கணக்கிலிருந்து பெறுபவரின் கணக்கிற்குப் பணம் ஏற்றப்படுகிறது. அது இணைய மோசடியில் வேறொரு குடும்பம் இழந்த பணமாகவும் இருக்கலாம். இழந்தவர் புகார் செய்ததும் காவல்துறை அப்பணம் சென்ற தடத்தைப் பின்தொடர்ந்து, அது போய்ச் சேர்ந்த கணக்குகளை முடக்குகிறது. கணவன் அனுப்பிய பணம் என்று எண்ணிப் பெற்றுக்கொண்ட பெண், வேறு மாநிலக் காவல் நிலையத்திற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை ஏற்படுகிறது. “இது என் கணவரின் ஊதியம்” என்று மெய்ப்பிக்க அவளிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பழைய சேமிப்பும் சேர்ந்தே முடங்குகிறது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக வரும் பணத்தை அங்கீகாரம் பெற்றவர் வழியாக அன்றி வேறு வழியில் பெறுவதும் குற்றமாகும். தண்டம் அத்தொகையின் மும்மடங்கு வரை விதிக்கப்படலாம். ஆகவே, பிடிபட்டால் அது முகவரின் பாடு என்று பெறுபவர் ஒதுங்கிவிட முடியாது. கணக்கை ‘வாடகைக்கு’க் கொடுத்துத் தரகு வாங்கும் இளைஞர்களுக்கும் இதைச் சொல்கிறோம்: உங்கள் பெயரால் யாருடைய கண்ணீர் கைமாறுகிறது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள்.

தனி வீட்டைக் கடந்து ஒரு நாட்டிற்கே இதனால் நேர்ந்ததை நம் அண்டை நாடான இலங்கையில் கண்டோம். 2021இல் அங்கே ஒரு டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று அரசு விலையைப் பிடித்து வைத்திருந்தது. உண்டியல்காரர் அதைவிட அதிகம் கொடுத்தார். வெளிநாடுகளில் உழைப்போர் முறைப்படி அனுப்பிய தொகை 2020இல் சுமார் 710 கோடி டாலராக இருந்தது. 2021இல் சுமார் 550 கோடியாகவும், 2022இல் சுமார் 380 கோடியாகவும் சரிந்தது. சுற்றுலா வருவாய் வீழ்ச்சி, பெருங்கடன், பிழையான வரிக்கொள்கை ஆகியவையும் சேர்ந்து, எரிபொருளுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாமல், 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. கூடுதலாகச் சில ஆயிரம் பெற்ற வீடுகளே எரிவாயு உருளைக்காக வரிசையில் நின்றன.

இதில் தொழிலாளியை மட்டும் குறைகூறுவது நீதியன்று. உழைத்தவனின் டாலருக்கு உரிய விலையைக் கொடுக்க மறுத்த அரசுக்கே முதற்பங்கு உண்டு. விலை விடுவிக்கப்பட்ட பின், 2023இல் அத்தொகை மீண்டும் ஏறத்தாழ 600 கோடி டாலரை எட்டியது. நேர்வழியில் நியாயமான விலை கிடைக்குமானால் மக்கள் நேர்வழிக்கே வருவர் என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே அரசுகளிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. 200 டாலர் அனுப்ப உலக அளவில் சராசரியாக ஆறு விழுக்காட்டிற்கும் மேல் செலவாகிறது என்று உலக வங்கி கணக்கிட்டு வருகிறது. 2030க்குள் அதனை மூன்று விழுக்காட்டிற்கும் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற இலக்கு. செய்ய முடியாத காரியம் அன்று இது. இந்திய வங்கிக் கணக்கிலிருந்து நேபாளத்திற்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி 2008லேயே ஒரு தனித் திட்டம் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யூபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. அங்கிருந்து கைப்பேசி வழியே சில நொடிகளில் இங்குள்ள கணக்கிற்குப் பணம் வர வழி பிறந்தது. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் யூபிஐ தொடங்கப்பட்டது. ஆனால் அது அங்கே செல்லும் இந்தியப் பயணி கடைக்காரருக்குச் செலுத்துவதற்கான வசதி. சுற்றுலாப் பயணியின் தேநீருக்குத் திறந்த வழி, அக்கரையில் உள்ள மூத்த சகோதரியின் மருந்துச் செலவுக்கும் திறக்கப்பட வேண்டாமா?

அதுவரை நம் கையில் உள்ளதை நாம் செய்வோம். இந்தியாவில் வசிப்பவர் அனுமதிக்கப்பட்ட தேவைகளுக்கு ஒரு நிதியாண்டில் இரண்டரை இலட்சம் டாலர் வரை வெளிநாட்டிற்கு அனுப்பலாம். நெருங்கிய உறவினரின் பராமரிப்பும் அவற்றுள் ஒன்று. எனவே இலங்கையில் உள்ள உறவுக்கு அனுப்புவதை ஒளிவுமறைவாகச் செய்யத் தேவையில்லை.

அனுப்பும்போது “கட்டணம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இறுதியில் பெறுபவர் கணக்கில் எவ்வளவு ஏறும்?” என்று கேளுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: 50,000 ரூபாய் அனுப்ப ஒரு நிறுவனம் கட்டணமே இல்லை என்கிறது, ஆனால் மாற்று விலையில் இரண்டு விழுக்காடு குறைக்கிறது, இழப்பு 1,000 ரூபாய். மற்றொன்று 500 ரூபாய் கட்டணம் வாங்கி, விலையில் அரை விழுக்காடு மட்டும் குறைக்கிறது. இழப்பு 750 ரூபாய். இலவசம் என்றதே விலை கூடியதாயிற்று. இந்திய ரூபாய் இலங்கை ரூபாயாக மாறுவதற்குள் பெரும்பாலும் டாலரைத் தொட்டுச் செல்வதால் இக்கணக்கு இன்னும் முக்கியமாகிறது. விலை தெரியாமல் செய்யும் மாற்று, மார்க்கத்தின் பார்வையிலும் நல்ல வியாபாரம் அன்று.

பணம் யாருக்கு உரியதோ அவர் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும். மனைவியின் செலவுக்கான பணம் மைத்துனர் கணக்கிற்குப் போய், அவர் கொடுக்கும்போது மட்டும் அவள் பெறுவது முறையன்று. மனைவியின் ஜீவனாம்சம் அவளது உரிமை. பிறர் தயவு அன்று.

நோக்கத்தையும் எழுதுங்கள். ‘எதற்காக அனுப்புகிறீர்கள்’ என்று வங்கிப் படிவம் கேட்பதைத் தொல்லையாக நினைக்கிறோம். உண்மையில் அது நம் நிய்யத்தைக் கேட்கிறது. தந்தைக்கு வீடு கட்ட மூத்த மகன் பத்தாண்டுகள் பணம் அனுப்புகிறான். அது அன்பளிப்பா, கடனா, வீட்டில் அவனுக்குரிய பங்கா என்று எவரும் பேசுவதில்லை. தந்தை மறைந்தபின் வாரிசுப் பங்கீட்டின்போது அக்கேள்வி எழுகிறது. அன்று உடன்பிறந்தோர் இரண்டாகப் பிரிகின்றனர். படிவத்தில் ஒரு சொல்லும், தந்தைக்கு எழுதிய ஒரு வரியும் அக்குடும்பத்தைக் காத்திருக்கும். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் அமானிதமாகப் பணம் கொடுத்தால், அது தொலைந்துவிடுமோ என அஞ்சி, “இது கடனாகவே இருக்கட்டும்” என்ற கருத்தில் பெற்றுக்கொள்வார்கள் என்று புகாரியில் வருகிறது. கொடுத்தவர் உரிமை அழியாதிருக்க, பணத்தின் தன்மையை முதலிலேயே தெளிவாக்கினார்கள். அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

“கணக்கே இல்லாதவன் என்ன செய்வான்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆவணங்கள் முதலாளியின் கையில் சிக்கிய நிலையில் தவிக்கும் சகோதரர்கள் உளர். அவர்களைப் பழிக்க நாம் முன்வரவில்லை. ஆயினும் அமீரகம் 2009லேயே ஊதியத்தை வங்கி முறையில் வழங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. இன்று பலருக்கு இல்லாதது கணக்கன்று. வழிகாட்ட ஓர் ஆள்.

இங்கேதான் ஜமாஅத்துகளின் கடமை வருகிறது. போடி, உத்தமபாளையம், கம்பம் வட்டாரப் பள்ளிவாசல்களில் வங்கிப் பணி அறிந்த இளைஞர்கள் உளர். மாதத்தில் ஒரு ஜும்ஆவிற்குப் பின் ஒருமணி நேரம் அவர்கள் அமர்ந்து, படிவம் நிரப்பவும், கணக்குத் தொடங்கவும், மாற்று விலையை ஒப்பிடவும் உதவட்டும். மலையிலிருந்து வாராந்தரச் சாமானுக்காக இறங்கி வருகிறவரும் அன்று பயன்பெறுவார். ஒரு நிபந்தனை: ஜமாஅத் எவர் பணத்தையும் தன் கையால் தொடலாகாது. வழி காட்டுவது அதன் பணி. பணம் உரியவரின் கணக்கிலிருந்து உரியவரின் கணக்கிற்கே செல்லட்டும்.

உண்டியல்காரர் தரும் சில நூறு ரூபாய்க் கூடுதலுக்காக, பாலைவெயிலில் நின்ற ஓர் உடலின் உழைப்பைச் சாட்சியின்றி விட்டுவிடாதீர்கள். அப்பணம் உங்கள் கைக்கு வரும்வரை மட்டுமன்று, செலவாகி முடியும்வரையும் அமானிதமே. நம் வருவாயை ஹலாலாகவும், அதனை அனுப்பும் வழியைத் தூய்மையாகவும், அதனால் இணையும் உறவுகளை நிலையாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.