தேக்கடியில் ஒரு படகுப் பிரயாணம்

கோடை விடுமுறையில் நாம் குடும்ப ஸகிதம் தேக்கடிக்குச் சென்றிருந்தோம். கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் கடந்து குமுளி மலை ஏறியதுமே, வெயிலின் நினைவுகூட நம்மைவிட்டு அகன்றது.

தேக்கடி ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை, பென்னிகுக் என்னும் ஆங்கிலேய இஞ்சினீயர் 1895-இல் கட்டி முடித்த அணை தடுத்து நிறுத்திற்று. தேங்கிய ஜலம், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, வைகையுடன் சேர்ந்து, இன்றும் மதுரைச் சீமையின் வயல்களை நனைக்கிறது. அன்று மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னமும் நீருக்கு மேல் தலை நீட்டி நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தன.

படகு ஒரு வளைவில் திரும்பியபோது கரையில் யானைக் கூட்டம் தென்பட்டது. "யானை! யானை!" என்று எல்லோரும் எழுந்தனர். உண்மையைச் சொல்லிவிடுகிறோம், முதலில் எழுந்தவர் நாமே.

"உட்காருங்கள், ஐயா!" என்று படகு ஊழியர் அதட்டினார்.

நமக்குச் சற்றுக் கோபமே வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது: 2009 செப்டம்பர் 30-ந் தேதி இதே ஏரியில் ஒரு படகு சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். வெட்கத்துடன் அமர்ந்து, கழற்றி மடியில் வைத்திருந்த மிதவைச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டோம்.

யானைகளோ நம்மைப் பொருட்படுத்தாமல் நீர் அருந்திக்கொண்டிருந்தன. தேக்கடி செல்லும் நேயர்களுக்கு நாம் அனுபவபூர்வமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: உட்கார்ந்து பார்த்தாலும் யானை அதே அளவில்தான் தெரிகிறது!