ஊதாதிருக்கும் கலை

ஊதுவதே ஊதுகுழற் கலை என்று நாம் எல்லோரும் எண்ணுகிறோம். ஊதாமல் அமர்ந்திருப்பதும் ஒரு கலையே என்றால் நகைப்புக்கிடமாகத் தோன்றும். ஆயினும், மேனாட்டு இசைக்குழுவின் பின்வரிசையில் வீற்றிருக்கும் பித்தளை வாத்தியக்காரரைச் சற்றே கவனித்தால் அவ்வுண்மை புலனாகும்.

பிராம்ஸ் இயற்றிய முதலாவது சிம்பனி 1876ஆம் ஆண்டு ஜேர்மனியின் காள்ஸ்றூ நகரில் அரங்கேறியது. நான்கு பகுதிகள் கொண்ட அதில், ட்றொம்போன் வாசிக்கும் மூவருக்கும் முதல் மூன்று பகுதிகளில் ஒரு சுரமேனும் இல்லை. ஏறக்குறைய அரைமணி நேரம் அவர்கள் வாளா இருத்தல் வேண்டும். நான்காம் பகுதியின் தொடக்கத்தில், கொம்பும் புல்லாங்குழலும் இசைத்த பின்னர், வழிபாட்டுப் பாடல் போன்றதோர் இசையை அவர்கள் மெல்லென எழுப்புவர். முதல்வருக்கோ எடுத்த எடுப்பிலேயே உயர்ந்த சுரம். சபை மூச்சடக்கிக் கேட்கும் அவ்விடத்திற் பிசகினால் மறைக்க வழியில்லை.

காத்திருக்கும் வேளையிற் குழல் குளிரும். குளிர்ந்தால் சுருதி இறங்கும். ஆகவே, முறை வருமுன் உதடு அதிராதபடி வெறும் மூச்சைச் செலுத்திக் குழலைச் சூடேற்றுவர். வாசிக்கும்போது மூச்சின் ஈரம் உலோகத்திற் பட்டு நீராகத் திரளும். பலர் நினைப்பதுபோல் அதிற் பெரும்பகுதி எச்சில் அன்று. தேங்கவிட்டால் இசையோடு களகளவென்னும் ஓசையும் கலக்கும். குழலிலுள்ள சிறு திறப்பை அழுத்தி, ஓசையின்றி மெல்ல ஊதி, கீழே விரித்த துணியில் அந்நீரை விழச் செய்வர். அதனையும் பிறர் உரத்து வாசிக்கும் சமயம் பார்த்தே செய்வர். ஒலியைத் தணிக்கக் குழலின் வாயிற் செருகும் அடைப்பானையும் துணிமேலேயே வைப்பர். அது நழுவி விழுந்தால் மண்டபம் முழுவதும் கேட்கும்.

ஓய்ந்திருக்கையில் வால்வுகளைத் தட்டி விளையாடலாகாது. பக்கத்திலிருப்பவருடன் பேசலாகாது. தனித்து வாசிப்பவர் பிழைவிட்டால் அவரைத் திரும்பிப் பார்த்தலும் ஆகாது.

இவ்விறுதி விதியே எம் நெஞ்சைத் தைத்தது. சென்ற ஆண்டு ஒரு பரிசளிப்பு விழாவில் மாணவர் வாத்தியக் குழு வாசித்தது. ட்றம்பெற் ஊதிய சிறுவன் ஒருவனுக்கு ஒரு சுரம் உடைந்தது. முன்வரிசையிலிருந்த நாம் எம்மையறியாமலே தலை நிமிர்ந்து அவனை நோக்கினோம். அவன் முகம் வாடியது. அருகில் தன் முறைக்குக் காத்திருந்த மற்றைச் சிறுவனோ ஏட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. எதுவும் நடவாததுபோல் அமர்ந்திருந்தான். அடுத்த அடியைப் பிழைவிட்டவன் செவ்வனே ஊதி முடித்தான்.

தோழன் தடுமாறும்போது திரும்பிப் பாராதிருப்பதும் ஓர் உதவியே. வகுப்பறையில் நாள்தோறும் ஒழுக்கம் போதிக்கும் நாம், அன்று அதனை ஒரு மாணவனிடம் கற்றுக்கொண்டு வீடு திரும்பினோம்.