கல்லீரலுக்கும் உப்புக் கணக்கு உண்டு

கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பவர்களிடம் எண்ணெயையும் இனிப்பையும் குறைக்கச் சொல்கிறோம். உப்பைப் பற்றி, இரத்த அழுத்தமோ வயிற்றில் நீர்க்கோவையோ இருந்தால்தான் கேட்கிறோம். இதனை எங்கள் குறையாகவே கருதுகிறோம்.

2018இல் வெளியான ஆய்வொன்றில், பல மாதங்கள் உப்புநீர் பருகிய சுண்டெலிகளின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. உப்புச் செறிவு கூடியபோது கல்லீரல் உயிரணுக்களில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதிக்குரிய மரபணு முடுக்கிவிடப்பட்டது. அந்நொதியின் வழியே குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனும் பழச்சர்க்கரையாக மாறியது. உண்ணாத சர்க்கரையைக் கல்லீரல் தானே செய்துகொண்டது! பழச்சர்க்கரையைச் சிதைக்கும் நொதி இல்லாத எலிகளோ தப்பின. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் அப்படியே நேரும் என்று நாங்கள் கூறவில்லை. கேட்காமல் விடுவதற்கு இனிக் காரணமில்லை என்றே கூறுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. ஏறத்தாழ ஒரு சிறு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் யாவும் அக்கணக்கில் அடங்கும். அடுத்த முறை வரும்போது வீட்டில் சமைப்பவரையும் அழைத்து வாருங்கள். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மட்டும் எங்களைக் கேளாமல் வாங்க வேண்டா. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் சிலவகை நீர்ப்போக்கு மாத்திரை உண்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம்.