அழிக்காதே, அடித்து எழுது

சிகரெட் பெட்டி கசங்காமலிருக்க உள்ளே ஒரு சின்ன அட்டை. அதில் பேஸ்பால் ஆட்டக்காரரின் வண்ணப்படம். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை இப்படி அச்சடித்தது. சேகரிப்பவர்கள் டி206 என்பார்கள். ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது. டை காப்புக்கு மட்டும் நாலு படம். கறுப்பருக்கு? ஒண்ணுகூட இல்லை.

ஆடத் தெரியாமலா? 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் டொலீடோ அணிக்கு ஆடியிருக்கிறார். 1887இல் இன்டர்நேஷனல் லீக் முதலாளிகள், இனிமேல் கறுப்பரோடு ஒப்பந்தம் இல்லையென்று ஓட்டுப் போட்டார்கள். பெரிய லீக்குகளில் எழுதிவைத்த சட்டமே கிடையாது. கனவான்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதுதான். எழுதாத சட்டத்தை எந்தக் கோர்ட்டில் போய் உடைப்பது?

கறுப்பர்கள் சும்மா உட்காரவில்லை. 1920இல் ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ தேசிய லீக்கைத் தொடங்கினார். அதில் பேரெடுத்த ஆஸ்கர் சார்ல்ஸ்டனின் படத்தை 1920களிலேயே கியூபாவில் அட்டையாகப் போட்டார்கள். அச்சு இயந்திரத்துக்குக் கறுப்பு முகம் ஆகாமலில்லை. அமெரிக்க முதலாளிக்குத்தான் ஆகவில்லை. ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் செத்துப்போனார். மூணே மாசத்தில், ஏப்ரல் 15இல், ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கினார்.

இப்போது ஓவியர்கள் சிலர் விடுபட்டவர்களைப் பழைய அட்டைகளின் பாணியிலேயே வரைகிறார்கள். அதே வண்ணம், அதே வெள்ளை ஓரம். பார்க்க நெஞ்சு நிறைகிறது. வரையட்டும், இன்னும் வரையட்டும். எனக்கு ஒரே ஒரு பயம். நாளைக்கு ஒரு பையன் இதைக் கையிலெடுத்து, ‘அப்பவே எல்லாரையும் போட்டிருக்காங்களே’ என்பான். விட்டவன் தப்பித்துவிடுவான்.

இந்தப் பயம் வீணல்ல. 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம், 1920–1948 நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்தான் என்று அறிவித்தது. 2024 மே மாதம் கணக்குகளையும் சேர்த்தது. கிப்சனின் சராசரி .372 முதலிடத்துக்கு வந்தது, காப்பின்.367 கீழே இறங்கியது. நல்லது. ஆனால் அந்த 2020 அறிவிப்பு, நடந்ததற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? நீண்டகாலக் கவனக்குறைவு. ஓட்டுப் போட்டும் பேசி வைத்தும் அறுபது வருசம் கதவைச் சாத்தியது கவனக்குறைவாம்!

நான் வங்கி குமாஸ்தா. கையால் எழுதும் ரிஜிஸ்தரில் தப்பு விழுந்தால் சுரண்டி அழிக்கக்கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கணும். தப்பும் தெரியணும், திருத்தமும் தெரியணும். சுரண்டினால் அது திருத்தமில்லை, மோசடி.

அட்டைக்கும் அதே கணக்குதான். முன்பக்கம் கிப்சனின் முகம் இருக்கட்டும். பின்பக்கம் மூணு வரி போதும்: இது எந்த வருசம் வரைந்தது, அன்றைக்கு ஏன் அச்சாகவில்லை, கதவைச் சாத்தியது யார்.