பெயர்ப்பட்டியல் வழிகாட்டி ஆகுமா?



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு அமெரிக்கக் காற்பந்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கொடிக் காற்பந்து இடம்பெறவிருக்கிறது. எதிராளியைக் கீழே வீழ்த்துவதற்குப் பதிலாக, அவர் இடுப்பில் தொங்கும் கொடியை உருவி எடுக்கும் ஆட்டம் அது. அதன் தாய் அமெரிக்கக் காற்பந்து. மாணவர்கள் கேட்டால் விளக்க வேண்டுமே என்று, தொடக்கநிலையாளருக்கான வழிகாட்டிகள் சிலவற்றைப் புரட்டினேன். படித்து முடித்தபோது எஞ்சியது சினம்தான்.

பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதற்பக்கத்தில் ஒரு படம். தாக்கும் அணிக்கு 11 வட்டங்கள். தடுக்கும் அணிக்கு 11 பெருக்கற்குறிகள். அதன்கீழ் குவாட்டர்பேக், சென்டர், கார்ட், டேக்கிள், டைட் எண்ட், லைன்பேக்கர், கார்னர்பேக், சேஃப்டி என்று பெயர்களின் அணிவகுப்பு. அடுத்த பக்கத்தில் வியூகங்களின் பெயர்கள். இதற்கு வழிகாட்டி என்று பெயராம்! ஊருக்குப் புதிதாய் வந்தவனிடம் தெருப்பெயர்களை மனனம் செய்யச் சொல்வது வழிகாட்டுவதாகுமா?

எங்கே தொடங்க வேண்டும்? இவ்வாட்டத்தின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அவற்றுக்குள் பத்து கெஜம், அதாவது ஏறத்தாழ ஒன்பது மீட்டர், முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். இயலாவிட்டால் பந்து எதிரணிக்கு. திடலின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் ஆறு புள்ளிகள்.

இதை மட்டும் சொல்லிவிட்டு மாணவனிடம் கேளுங்கள்: "இரண்டு முயற்சிகள் போய்விட்டன. இன்னும் எட்டு கெஜம் வேண்டும். நீ என்ன செய்வாய்?" பந்தைத் தொலைவில் எறிவேன் என்பான். "எதிரணியும் அதைத்தானே எதிர்பார்க்கும்?" என்று கேளுங்கள். அப்படியானால் ஓடுவதுபோல் ஏய்த்துவிட்டு எறிவேன் என்பான். வியூகம் பிறந்துவிட்டது! அதன் பெயர் பிளே ஆக்‌ஷன் என்று அப்போது சொல்லுங்கள், மறக்கமாட்டான்.

ஆட்ட நிலைகளும் அவ்வாறே. எறிபவர் குவாட்டர்பேக். அவருக்கு எறிய நேரம் வேண்டும்; ஆகவே ஐந்து பருத்த ஆட்டக்காரர்கள் முன்னே சுவராக நிற்கிறார்கள். வலக்கையால் எறிபவர் எறியத் திரும்பி நிற்கும்போது இடப்பக்கம் அவர் கண்ணில் படாது. அப்பக்கத்தைக் காப்பவர் லெஃப்ட் டேக்கிள். அவருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இந்த ஒரு வரியில் விளங்கிவிடும். எதிரணியோ மூன்று அடுக்காக நிற்கிறது: சுவரை மோதுபவர்கள், நடுவில் இரண்டுக்கும் அணியமாக இருப்பவர்கள், பின்னால் தொலைவு எறிதலைத் தடுப்பவர்கள். வேலை முதலில், பெயர் பிறகு.

வரலாறும் என் பக்கமே நிற்கிறது. வால்டர் கேம்ப் என்பவரின் முயற்சியால் 1880இல் அணிக்கு 11 பேர் என்றாயிற்று. 1882இல் மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் என்ற விதி வந்தது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆட்டக்காரர்கள் பலர் மாண்டதால் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 1906இல் பந்தை முன்னோக்கி எறிய இசைவு தந்தார்கள். தேவையான தொலைவும் பத்து கெஜமாயிற்று. நான்காவது முயற்சி 1912இல் சேர்ந்தது. முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிப்பவருக்கு 1906க்கு முன் வேலையே இல்லை. விதி தேவையைப் பெற்றது. தேவை ஆட்ட நிலையைப் பெற்றது. வழிகாட்டிகளோ பேரனிலிருந்து தொடங்கிப் பாட்டனைச் சொல்லாமலே முடிக்கின்றன.

"பெயர் தெரியாமல் வருணனையை எப்படிப் பின்தொடர்வது?" என்பார்கள். பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையைத்தான் கேட்கிறேன். "விதிவிலக்குகளை விட்டால் முழுமையாகாதே!" என்பார்கள். முதல் நாளிலேயே முழுமை யாருக்கு வேண்டும்? தொடக்க நூலில் பொய் இருக்கக்கூடாது, விடுபாடு இருக்கலாம். தமிழன்பர் சிலர் ஆட்ட நிலைகள் அனைத்துக்கும் முதலில் தமிழ்ச்சொல் ஆக்குவோம் என்பார்கள். கலைச்சொல்லாக்கம் நற்பணியே. ஆயினும் புரியாத பட்டியலைத் தமிழாக்கினால் புரியாத தமிழ்ப்பட்டியல்தான் கிடைக்கும்.

ஒரு வழிகாட்டி தேறியதா என்றறிய ஒரே ஒரு வினா போதும். ஆட்டம் முடிய ஒரு நிமிடம், நான்கு புள்ளிகள் பின்னடைவு, நான்காம் முயற்சி, இரண்டு கெஜம் தேவை. கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று புள்ளிகள்தாம். உதைப்பதா, துணிவதா? படித்தவர் "மூன்று போதாதே, துணிய வேண்டும்" என்றால் நூல் தேறியது. "லைன்பேக்கர் எத்தனை பேர்?" என்பதற்கு மட்டுமே விடை தெரிந்தால் நூல் தோற்றது.

இதை ஏன் இத்துணை அழுத்திச் சொல்கிறேன்? பட்டியலோடு தொடங்கும் நூலை மூடிவைக்கும் குழந்தை, நூல் மோசம் என்று சொல்வதில்லை; "எனக்கு மூளை இல்லை" என்று சொல்கிறது. பிழை எழுதியவருடையது, தண்டனை குழந்தைக்கு. எட்டு வேற்றுமைகளின் பெயரையும் உருபையும் முதல் நாளே மனனம் செய்யச் சொல்லும் பயிற்சிநூல்கள் நம் மாணவர்களுக்கும் இதையேதான் செய்கின்றன.

பெற்றோர்களே, அடுத்தமுறை பிள்ளைக்கு வழிகாட்டி நூல் வாங்கும்போது முதற்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே வினா இருக்கிறதா, பட்டியல் இருக்கிறதா? பட்டியலாக இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆசிரியர்களே, நாளைய பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்தையும் அவ்வாறே சோதித்துப் பாருங்கள்.